எந்தக் கணினியிலும் இதே எண்கள் வரும்

ஜூன் 9

கிழக்குக் காலனியைப் பட்டியலிலிருந்து தூக்கியது உதவிப் பொறியாளர் தீர்த்தகிரி. சந்தேகம் என்று எழுதவில்லை. நடந்தது என்று எழுதுகிறேன்.

செங்கோடப்பட்டி ஊராட்சியின் ஏழு குடியிருப்புகளிலும் ஒரு வருடம் தண்ணீர் பிடித்துச் சோதித்தோம். பருவத்துக்கு ஒரு முறை. நான்கு பருவங்களின் ஃப்ளோரைடு சராசரி அனுமதித்த அளவைத் தாண்டினால் அந்தக் குடியிருப்பு பட்டியலில் ஏறும். மிக மோசமானது மேலே. மேலே இருக்கும் மூன்று இடங்களுக்கு இந்த ஆண்டே சுத்திகரிப்பு நிலையம். எங்கள் ஆய்வு மையத்தின் அறிக்கையில் முதலிடம் கிழக்குக் காலனிக்கு. இன்று மாவட்டத் தண்ணீர் அலுவலகத்திலிருந்து வந்த அச்சுப் பிரதியில் முதலிடம் மேலத்தெருவுக்கு. காலனி இரண்டாவதாக இல்லை, கடைசியாகவும் இல்லை. இல்லவே இல்லை.

மேலத்தெருவில் பாதி வீடுகள் கேன் தண்ணீர் வாங்குகின்றன. காலனியில் ஃப்ளோரைடு கறையில்லாத பல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். மாதம்மாவுக்கு நாற்பது வயது, முழங்கால் மடங்காது, பேருந்துப் படியில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். அவரைத்தான் ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்தபடி அழித்திருக்கிறார்.

கேவலம் என்னவென்றால், இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே அறிக்கையை நான் வழக்கமான முறையில் எழுதவில்லை. எழுத்தும் நிரலும் ஒரே ஆவணத்தில் இருக்கும்: ஒரு பத்தி, அதற்குக் கீழே கணக்குப் போடும் நிரல், அதற்குக் கீழே அந்த நிரலே போட்டுத் தரும் அட்டவணை. எந்த எண்ணையும் கையால் தட்டச்சு செய்யவில்லை. ஆவணத்தையும் தரவையும் கொடுத்தால் யாரும் ஒரு பொத்தானை அழுத்தி முழு அறிக்கையையும் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்: ‘எந்தக் கணினியிலும் இதே எண்கள் வரும்.’ அலுவலகத்துக்கு அச்சு வேண்டாம், ஆவணத்தையே கொடுப்போம், அவர்களே ஓட்டிப் பார்க்கட்டும் என்று கூட்டத்தில் சண்டை போட்டவனும் நான்தான். மையத்தின் தலைவர் எஸ்தர் மேடம் கைதட்டினார்.

கொடுத்தோம். அவர்கள் ஓட்டினார்கள். காலனி போய்விட்டது.

அறையில் இன்றும் தண்ணீர் வரவில்லை. ஒரு வாளியில் குளித்து, அதே வாளியில் சட்டையை ஊறப்போட்டேன்.

ஜூன் 10

தீர்த்தகிரிக்குப் போன் செய்தேன். எடுத்தார். அதுவே சந்தேகத்துக்குரியது.

“தம்பி, நான் ஒண்ணும் தொடலப்பா. நீங்க சொன்ன மாதிரியே பட்டனை அமுக்கினோம். வந்தத பிரிண்ட் எடுத்தோம்.”

“காலனி எங்க சார்?”

“அதத்தான் நானும் பாத்தேன். மொதல்ல நீங்க நேர்ல காட்டுன பேப்பர்ல இருந்திச்சி, இதுல இல்ல. சரி, நீங்களே யோசிச்சி எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நாங்க எதுக்கு எடுக்கணும்?”

“எனக்கென்ன தெரியும் தம்பி? படிச்சவங்க நீங்க. ஏதாச்சும் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

இதைப் பாருங்கள். ஒரு காலனி காணாமல் போனதை ஓர் அதிகாரி கண்ணால் பார்க்கிறார். ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிடுகிறார். மேலத்தெரு காணாமல் போயிருந்தால் விட்டிருப்பாரா? அரை மணி நேரத்தில் மேடத்துக்குப் போன் வந்திருக்கும்.

குரலில் அவ்வளவு பணிவு. குற்றம் செய்யாதவன் எதற்குப் பணிய வேண்டும்?

ஜூன் 11

நஸ்ரீனோடு சண்டை. மையத்தில் என்னோடு தரவைப் பார்ப்பவள். புள்ளியியல் படித்தவள். என்னைவிட ஒரு வருடம் மூத்தவள், அதை நாளுக்கு ஒரு முறை நினைவுபடுத்துவாள். அவளுடைய கணினியைப் பார்த்தால் நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். வெள்ளைத் திரை, கம்பெனி கொடுத்த எழுத்துரு, ஓர் அமைப்பைக்கூட மாற்றவில்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கப் பயந்தவள் போல.

“உன் ஆவணத்த எனக்கு அனுப்பு கதிரு. என் மெஷின்ல ஒரு தடவ ஓட்டிப் பாக்கறேன்.”

“எதுக்கு? என் மெஷின்ல சரியா வருது.”

“உன் மெஷின்ல வருதுன்னா உன் மெஷினையே பார்சல் கட்டி அனுப்ப வேண்டியதுதான. ஆபீஸ்ல வரலியே.”

“ஆபீஸ்ல ஒருத்தன் கை வச்சிருக்கான்.”

“இருக்கலாம். மொதல்ல வேற மெஷின்ல வருதான்னு பாரு, அப்புறம் ஆளத் தேடு. உன் தொடக்கக் கோப்புல என்னென்ன வச்சிருக்கேன்னு உனக்கே ஞாபகம் இருக்கா?”

இது அவளுடைய பழைய பாட்டு. நிரல் திறக்கும்போது தானாக ஓடும் என்னுடைய தொடக்கக் கோப்பு அவளுக்கு ஆகாது. ஆவணத்துக்குத் தேவையானது ஆவணத்துக்குள் இருக்க வேண்டுமாம், என் சொந்த ரசனை வெளியே நிற்க வேண்டுமாம். நான்கு வருடமாக அந்தக் கோப்பைச் செதுக்கியிருக்கிறேன். கறுப்புத் திரை, என் விரல்களுக்கு ஏற்ற குறுக்குவழிகள், தமிழில் தேதி, காலி இடத்தைக் கண்டால் முட்டி நிற்காமல் தாண்டிப் போகும் சராசரி, பிழைச் செய்திக்குச் சிவப்புக்குப் பதில் பச்சை. ஒருவன் வேலை செய்கிற விதம் அது. அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு எல்லோரும் ஒரே வெள்ளைத் திரையில் உட்கார வேண்டுமா? சீருடை போட்டுக்கொள்ளச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

“நீ ஆபீஸ் பக்கம் பேசற” என்றேன். அவள் என் டிபன் டப்பாவிலிருந்து எடுத்த பாதி வடையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

ஆவணத்தை அனுப்பவில்லை.

ஜூன் 12

ஆட்சியருக்குப் புகார் அனுப்பியாயிற்று. நகல் இரண்டு பத்திரிகைகளுக்கும். தீர்த்தகிரியின் பெயரையும் பதவியையும் தடித்த எழுத்தில் போட்டேன். ‘திட்டமிட்டு’ என்ற சொல்லை மூன்று இடத்தில் வைத்து, அதிகம் என்று ஒன்றை எடுத்தேன்.

ஜூன் 14

கிழக்குக் காலனிக்குப் போனேன். அடிபம்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பங்குனியிலும் சித்திரையிலும் வெறும் காற்றுத்தான் வந்தது, போன கோடையிலும் அப்படித்தான். அப்போது தண்ணீர் மாதிரி பிடிக்க வந்த நாங்கள் காலி பாட்டில்களோடு திரும்பினோம்.

மாதம்மா என் தலைமுடியைப் பார்த்துச் சிரித்தார். “என்னா தம்பி, சம்பளம் வரலியா? முடி வெட்டக்கூட இல்ல போல.” பக்கத்தில் அவருடைய மகள், பத்தாவது படிப்பவள், உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண் வாயைத் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை.

விஷயத்தைச் சொன்னேன்.

“பட்டியல்ல நாங்கதான் மொதல்லன்னு சொன்னியே?”

“இருந்தீங்க. எடுத்துட்டாங்க.”

“யாரு?”

“தீர்த்தகிரி. தண்ணி ஆபீஸ் இன்ஜினியர்.”

“அந்த ஆளா?” மாதம்மா முகத்தைச் சுளித்தார். “போன கோடைக்கி லாரி விட்டதே அவருதானப்பா. மேலத்தெருக்காரங்க மறிச்சப்பகூட எறங்கி நின்னு பேசனாரு.”

“அதெல்லாம் நடிப்புங்க.”

“நடிப்புன்னா நல்லாத்தான் நடிச்சாரு. குடம் ரொம்பிச்சே.” சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாதம்மா சிரிக்கவில்லை. “நிச்சயமா தெரியுமா உனக்கு? அவருதான் எடுத்தாருன்னு?”

“நிச்சயமா.”

“நீ சொன்னா சரி. நீ படிச்ச புள்ள, எங்களுக்காவ வெயில்ல அலையிற. பொய் சொல்ல உனக்கு என்னா இருக்கு?”

அவர்கள் திங்களன்று அலுவலகத்துக்கு வருகிறார்கள். குடங்களோடு.

ஜூன் 16

முற்றுகை. அறுபது பெண்கள், காலிக் குடங்கள், வாசலில் படுத்துவிட்டார்கள். மாதம்மாவால் தரையில் உட்கார முடியாது. தூணைப் பிடித்தபடி நின்றே கோஷம் போட்டார். தீர்த்தகிரி வெளியே வந்து கும்பிட்டார். யாரோ செருப்பைக் காட்டினார்கள். “அம்மா, சத்தியமா நான் எடுக்கலம்மா” என்றார். சத்தியம் செய்கிற அதிகாரியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். மாலைக்குள் அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டார்கள்.

படம் நாளை வரும். நிருபர் என்னையும் நிறுத்தி எடுத்தார். முடி வெட்டியிருக்கலாம்.

அம்மா சேலத்திலிருந்து பேசினாள். வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்கு ஃபில்டர் மாற்றியாகிவிட்டதாம். அப்பா, வங்கித் தேர்வு என்ன ஆயிற்று என்று பின்னாலிருந்து கேட்டார்.

ஜூன் 17

எஸ்தர் மேடம் என்னிடம் கேட்காமல் ஆவணத்தையும் தரவையும் நஸ்ரீனுக்குக் கொடுத்திருக்கிறார். அவள் தன் கணினியில் ஓட்டியிருக்கிறாள். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் திரையை என் பக்கம் திருப்பினாள். முதலிடம் மேலத்தெரு. காலனி இல்லை.

“இப்பச் சொல்லு” என்றாள். “தீர்த்தகிரி ராத்திரி எங்க வீட்டுக்கு வந்து என் லேப்டாப்புல இருந்து எடுத்தாரா?”

அவள் கணினியில் ஏதோ கோளாறு.

ஜூன் 17, மாலை

சும்மா ஓர் ஆர்வத்தில் என்னுடையதைத் தொடக்கக் கோப்பு இல்லாமல் திறந்து ஓட்டினேன். வெள்ளைத் திரை கண்ணைக் குத்தியது.

காலனி இல்லை.

ஜூன் 18

இன்று தெளிவாகப் புரிந்த ஒன்றை எழுதிவைக்க வேண்டும். குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. இயல்பு நிலை, அதாவது யாரும் மாற்றாத அமைப்பு.

கணினி வாங்கியபடி இருக்கும்போது, நான்கு எண்களில் ஒன்று காலியாக இருந்தால் சராசரியும் காலி என்று சொல்லும். மூன்று எண்கள் கண்ணெதிரே இருக்கின்றன, மூன்றும் விஷ அளவு, ஆனால் கோடையில் பம்பு வற்றி மாதிரி கிடைக்கவில்லை என்பதால் ‘தெரியாது’ என்று கையை விரிக்கும். இப்படி ஒரு விதியை எழுதியவன் கோடையில் பம்பு வற்றாத ஊரில் பிறந்தவன். யாருக்கு ஒரு பருவம் காலியாக இருக்கும்? மேலத்தெருவுக்கு இருக்காது, அங்கே ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி. காலனிக்குத்தான் இருக்கும். தண்ணீர் இல்லாதவர்களின் தண்ணீரைப் பற்றிக் கணக்கும் கிடையாது. உலகம் முழுக்க இந்த விதி சத்தமில்லாமல் எத்தனை காலனிகளைத் தின்றிருக்கும்? இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். நடுநிலை என்று நாம் சொல்வதெல்லாம் யாரோ ஒருவனுடைய வசதிதான்.

நஸ்ரீனிடம் இதைச் சொன்னேன். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

“பேச்சு நல்லா இருக்கு. ஆனா அது பொய் சொல்லலியேடா. நாலு கேட்டே, மூணுதான் இருக்கு, தெரியாதுன்னு சொல்லுது. தெரியாதுன்னு சொன்னதக் காட்டாம தூக்கிப் போட்டது அதுக்கு அடுத்த வரி. ‘அளவைத் தாண்டினவங்கள மட்டும் வச்சுக்கோ, மத்ததெல்லாம் விடு.’ அந்த வரி யாரு எழுதினது?”

“அது சாதாரண வரி. எல்லாரும் எழுதறது.”

“தாண்டிப் போற சராசரிய எங்க எழுதி வச்ச?”

“கோப்புல.”

“எந்தக் கோப்புல?”

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. கீழே போனேன். சாம்பாரில் உப்பு இல்லை.

ஜூன் 19

தாண்டிப் போகும் சராசரியின் அந்த ஒரு வரியை ஆவணத்துக்குள் வைத்தேன். அதற்கு மேலே ஒரு பத்தியும் எழுதினேன்: ‘வறட்சியால் மாதிரி கிடைக்காத பருவங்கள் விலக்கப்பட்டு, எஞ்சிய பருவங்களின் சராசரி எடுக்கப்படுகிறது.’ முன்பே எழுதியிருந்தால் யாராவது படித்து இது நியாயமா என்று கேட்டிருக்கலாம், நானும் பதில் சொல்லியிருக்கலாம். நஸ்ரீனின் கணினியில் ஓட்டினோம். காலனி முதலிடத்தில் வந்தது. அவள் மேசையைத் தட்டினாள். எனக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது, என் கணினியில் எப்போதும் வந்ததுதானே.

அலுவலகத்துக்கு அனுப்பினேன். தலைப்பு: ‘திருத்திய பதிப்பு. சிறு வடிவ மாற்றங்கள்.’

ஜூன் 23

பதில் வராததால் நேரில் போனோம், நானும் எஸ்தர் மேடமும். தீர்த்தகிரியின் நாற்காலியில் பொறுப்பு அதிகாரி ஒருவர். இளைஞர். என் புகாரின் நகல் அவர் முன்னால் இருந்தது, சில வரிகளுக்கு அடியில் கோடு போட்டிருந்தார்.

“பட்டியல்ல கை வச்சாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. அதனால பட்டியல் விசாரணைக்குப் போயிடுச்சி. விசாரணை முடியற வரைக்கும் நான் தொட முடியாது. தொட்டா என் மேலயும் ஒரு புகார் எழுதுவீங்க.”

மேடம் நிதி எப்போது முடிவாகும் என்று கேட்டார்.

“மாசக் கடைசி. இருக்கற பட்டியல்தான் போகும்.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு மேடம். அலுவலகத்துல யாரும் மாத்தல, தப்பு எங்க மையத்தோட ஆவணத்துலதான்னு, புகார் குடுத்தவரே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டா விசாரணைய முடிச்சிடலாம். அன்னைக்கே பட்டியலத் திருத்திடுவேன். காலனி மொதல்ல வந்துடும்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்கதானே சார் புகார் குடுத்தது?”

ஜீப்பில் திரும்பினோம். சுங்கச்சாவடி வந்ததும், “நானே வரைவு அடிச்சுத் தரேன் கதிரொளி. நாலு வரிதான். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்” என்றார்.

ஜூன் 24

நாலு வரிக் கடிதம் மேசையில். ‘என் தனிப்பட்ட கணினி அமைப்பில் இருந்த ஒரு கட்டளை ஆவணத்தில் சேர்க்கப்படாததால்’ என்று இருக்கிறது. ‘சேர்க்கப்படாததால்’ என்று மேடம் கருணையோடு எழுதியிருக்கிறார். நஸ்ரீன் பென்சிலால் அதை அடித்து ‘நான் சேர்க்காததால்’ என்று திருத்தியிருக்கிறாள்.

அவர்களுக்குப் புரியவில்லை. இதில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? காலனி காணாமல் போனதைப் பார்த்துவிட்டு ‘ஏதாச்சும் காரணம் இருக்கும்’ என்று சும்மா இருந்த அதிகாரி நல்லவர் ஆகிவிடுவார். அடுத்த முறை உண்மையிலேயே ஒருவன் கை வைக்கும்போது, ‘உங்க மெஷினப் பாருங்க மொதல்ல’ என்பார்கள். போராட்டமே கொச்சையாகிவிடும். தனிமனிதனாக எனக்கு இதில் ஒன்றும் இல்லை. இது கொள்கை.

நிருபர் ஞாயிறு இணைப்புக்குப் பேட்டி கேட்கிறார்.

ஜூன் 26

நஸ்ரீன் தண்ணீர் அலுவலகம் பக்கம் போனபோது தீர்த்தகிரியைப் பார்த்தாளாம். விடுப்பில் இருப்பவர் மருத்துவச் சான்று கொடுக்க வந்திருக்கிறார். இவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேட்டுவிட்டு அவர், “சரிம்மா. காலனி பேரு மறுபடி ஏறிடுச்சா?” என்று மட்டும் கேட்டாராம்.

நடிப்பு. இப்போதும்.

“அவ்ளோதானா கேட்டாரு? என்னப் பத்திக் கேக்கலையா?” என்றேன்.

“உன்னப் பத்தி எதுக்குடா கேக்கணும்?” என்றாள் நஸ்ரீன். அவள் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 27

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை போனேன். அலுவலகம் போகும் வண்டி வந்தது. கூட்டமாக இருந்தது. முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 28

தொடக்கக் கோப்பை ஒழுங்குபடுத்தினேன். எழுத்துருவைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். நஸ்ரீன் மூன்று முறை போன் செய்தாள்.

ஜூன் 29

நாளை மாசக் கடைசி. காலையில் மாதம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. மகளின் போனிலிருந்து பேசியிருக்கிறார். நஸ்ரீன் காலனிக்கே போய்ச் சொல்லிவிட்டாள் போல. மத்தியானம்வரை திறக்காமல் வைத்திருந்தேன். திறந்து கேட்டதும் கேட்டுவிட்டேன் என்று அந்தப் பக்கம் தெரிந்துவிட்டது. திருத்தாமல் அப்படியே எழுதுகிறேன்:

“தம்பி, மாதம்மா பேசறேன். அந்தப் பொண்ணு வந்து எல்லாத்தயும் சொல்லிச்சி. மெஷின் சமாச்சாரம் எனக்குப் புரியல, அது வேணாம். யாரு எடுத்தாங்கன்னு நான் இப்ப கேக்கல. அந்த ஆளப் பாத்து செருப்பக் காட்டனோம், அத நாங்க போயி பேசிக்கறோம், எங்க வாயி, எங்க காலு. நீ வெக்கப்பட வேணாம். எங்க பேர மறுபடி எழுதறதுக்கு உன் கையெழுத்து ஒண்ணுதான் வேணுமாம். நாளக்கி சாயந்தரத்தோட முடியுதாம். பத்து மணி வண்டில நான் ஆபீசுக்கு வந்து நிக்கறேன், இவளக் கூட்டிக்கினு. நீ வந்து போடு. வருவியா மாட்டியா, அத மட்டும் சொல்லு. தம்பி? சொல்லு.”